எழுந்திருக்காத மதினி

மதினி நின்றுகொண்டிருப்பது போல ஒரு நினைவுகூட என்னிடம் இல்லை. இத்தனைக்கும் அவர் பார்த்ததே நிற்கிற வேலைதான். ராஜபாளையத்தில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிற வேலை. காலையில் கடை திறக்கும்போது இரண்டாவது மாடிக்கு ஏறினால், ராத்திரி ஷட்டர் இறங்குகிற வரைக்கும் காலில்தான் நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட நாற்காலி. சேலையை விரித்துக் காட்டுகிறவர்களுக்குத் தரை மட்டும்தான்.

என் கடை அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர். வருகிறவர்கள் உட்காரட்டும் என்று ஒரே ஒரு மர ஸ்டூல் போட்டிருந்தேன். சாயங்காலம் டீ குடிக்க ஜவுளிக்கடைப் பெண்களைப் பத்து நிமிஷம் வெளியே விடுவார்கள். அந்தப் பத்து நிமிஷமும் ஸ்டூல் மதினிக்குச் சொந்தம். யாராவது கஸ்டமர் அதில் உட்கார்ந்திருந்தாலும் கவலைப்பட மாட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க மிக்ஸி ரெடியாக இன்னும் செத்த நேரம் ஆகும். ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க. இந்தப் பாய் டீத்தண்ணிகூடத் தரமாட்டாரு."

மிக்ஸி எப்போது ரெடியாகும் என்று எனக்கே தெரியாது. ஆனால் அந்த ஆள் எழுந்து போய்விடுவார். மதினி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, இரண்டு குதிகாலையும் தரையில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு, "அப்பாடா" என்பார். அந்த "அப்பாடா"வை வைத்தே அன்றைக்குக் கடையில் கூட்டம் எப்படி என்று சொல்லிவிடலாம். முகூர்த்த நாள் "அப்பாடா" தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, என் மார்க்கமும் இல்லை. சந்தில் எல்லோரும் மதினி என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னை "பாய்" என்பார், கோபம் வந்தால் "ஏலே பாயி" என்பார். நான் பள்ளிக்கூடத்தை ஒழுங்காகப் பார்த்தவன் இல்லை. படித்ததெல்லாம் ஆட்கள் பேசுகிற பேச்சிலிருந்துதான். அதில் பாதி மதினி பேசியது.

"ஆளுக ரெண்டு வகை பாய். உக்காரச் சொல்லிப்போட்டுப் பேசுதவன் ஒருத்தன், நிக்க வச்சிப் பேசுதவன் ஒருத்தன். ரெண்டாவது ஆளு நல்லதே சொன்னாலும் எனக்குக் காதுல விழாது."

இன்னொரு நாள், "சாமி முட்டிய எதுக்கு மடங்குத மாதிரி படைச்சிருக்கு? முதலாளியக் கும்புடவா? உக்காரதுக்குலா!" என்றார். இதையெல்லாம் அவர் யோசித்துச் சொல்கிற மாதிரித் தெரியாது. டீயை ஆற்றிக்கொண்டே சொல்வார்.

உட்கார்ந்த இடத்தை விட்டு மதினியை எழுப்புவது லேசான காரியம் இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பந்தி எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, முதுகைப் பிடித்துக்கொள்வார். சாப்பிடுகிறவர் அவமானப்பட்டுப் பாயசத்தைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துவிடுவார். ஒரு தெலுங்குக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் மதினிக்குப் பின்னால் அப்படி ஒரு பெரிய மனுஷர் வந்து நின்றார். தங்கச் செயின், வெள்ளை வேட்டி. மதினி திரும்பிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, நான் இன்னும் ரசத்துக்கே வரல. பொறவு மோரு இருக்கு. பொறவு வெத்தல. நீங்க அந்த வரிசையில போய் நின்னா வெரசா எடம் கெடைக்கும். அங்க எல்லாரும் வெக்கப்படுத ஆளுவளா இருக்காவ."

வரிசை முழுக்க எழுந்து போன பிறகும் தனியாக உட்கார்ந்து மோர் ஊற்றிச் சாப்பிட்டார். வீட்டுக்காரர்கள் தப்பாக நினைக்கவில்லை. "கூர்ச்சோண்டி, கூர்ச்சோண்டி" என்று இன்னொரு அப்பளம் வைத்தார்கள். உட்காருங்கள் என்று அர்த்தம். தெலுங்கில் தனக்குத் தெரிந்தது அந்த ஒரு வார்த்தைதான், அதுக்கு மேலே தெரிந்துகொள்ளவும் ஒன்றும் இல்லை என்பார் மதினி.

கடைக்குள்ளே மட்டும் இந்த வீரம் செல்லாது. மாடிக்கு மாடி கேமரா. மாடிக்கு ஒரு சூப்பர்வைசர். கீழ்த்தட்டில் இருக்கிற சேலையை எடுக்கிற சாக்கில் கொஞ்சம் குந்தலாம், அவ்வளவுதான். கடைகளில் வேலை பார்க்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாக யாரோ சொல்ல, மதினி போய்ச் சூப்பர்வைசரிடம் கேட்டிருக்கிறார்.

"சட்டம் மெட்ராசுல இருக்கு மதினி. கடை ராஜபாளையத்துல இருக்கு" என்றாராம் அவர்.

"அப்ப என் காலும் மெட்ராசுலயா இருக்கு?" என்று மதினி கேட்டிருக்கிறார்.

அடுத்த வாரம் அவருடைய விடுமுறை நாளன்று ஒரு காரியம் செய்தார். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, கைப்பையோடு, முன்வாசல் வழியாகத் தன் கடைக்கே வாடிக்கையாளராகப் போனார். நேராக இரண்டாவது மாடி. மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். "கல்யாணச் சேலை காட்டுங்க" என்றார். கூட வேலை பார்க்கிற பெண்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொள்ள, சூப்பர்வைசரே சேலை எடுத்துப் போட வேண்டியதாயிற்று. இது வேண்டாம், அது காட்டுங்கள், அந்த அடியில் இருக்கிற ஊதா என்று உச்சி வெயில் இறங்குகிற வரைக்கும் அவரை நிற்க வைத்துவிட்டு, கடைசியில் ஒரு ஜாக்கெட் துணி மட்டும் வாங்கினார். போகும்போது, "கால் வலிக்கோ தம்பி?" என்று வேறு கேட்டாராம். இந்தக் கதையை என் ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னபோது நான் கையில் இருந்த ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டேன்.

முதலாளி கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். வேலை பார்க்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயரெல்லாம் அவருக்குத் தெரியும். தீபாவளிக்கு இனிப்பு கொடுப்பார். கடைப் பெண்களுக்கு யூனிஃபார்ம் சேலை கொண்டுவந்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. மெரூன் சேலை, கீழே அன்னப்பட்சி பார்டர். அந்தப் பார்டரைத் தானே தேர்ந்தெடுத்து, தனியாக நெய்யச் சொன்னதாக எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். அந்தப் பெண்கள் உட்காரலாம் என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை. "நிக்கித ஆளைப் பாத்தாத்தான் கஸ்டமருக்கு மரியாதையா இருக்கும்" என்பார், அதை ஒரு நல்ல விஷயம் சொல்கிற முகத்தோடு.

ஒரு தீபாவளி சீசனுக்கு மம்சாபுரத்திலிருந்து ஒரு கல்லூரிப் பெண் வேலைக்கு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் விஸ்காம் படிக்கிறவள். சீசனுக்கு இப்படி மாணவிகளைத் தற்காலிகமாக எடுப்பது வழக்கம். முதல் நாள் சாயங்காலம் மதினி அவளை என் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அதுவரை நான் பார்க்காத ஒன்றைச் செய்தார். ஸ்டூலை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு, தான் என் கடை வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எப்படிக்கா வருஷக்கணக்கா நிக்கிதீய?" என்று அவள் கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"நிக்கல ஏட்டி. அம்புட்டு வருஷமும் எப்ப உக்காருவோம்னு நெனச்சிக்கிட்டு இருக்கேன். அந்த நெனப்புதான் நிப்பாட்டி வச்சிருக்கு."

சீசன் முடிந்து அவள் போய்விட்டாள். பொங்கலுக்குப் பிறகு திரும்ப வந்தாள், கையில் கேமராவோடு. படிப்பு முடிவதற்கு ஒரு குறும்படம் எடுக்க வேண்டுமாம். எடுத்ததைப் பொதுமக்கள் முன்னால் திரையிட வேண்டுமாம். திரையிட்டால்தான் மதிப்பெண், இல்லையென்றால் படிப்பு முடியாது. நிற்கிற பெண்களைப் பற்றி எடுக்கப் போகிறேன் என்றாள்.

கடைப் பெண்கள் எல்லோரும் பயந்தார்கள். வேலை போய்விடும். மதினிதான் வழி சொன்னார். "மூஞ்சியக் காட்டாத. எங்க மூஞ்சியில என்ன இருக்கு? காலை மட்டும் எடு."

அப்படியே எடுத்தாள். டீ நேரத்தில் என் கடை வாசலில் எடுத்தாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற இடத்தில் எடுத்தாள். வீட்டுக்குப் போய்ச் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருக்கிறதை எடுத்தாள். ஒரு முகம் கிடையாது, ஒரு பெயர் கிடையாது. குரல்கூட அவளுடைய குரல்தான். இனி ஒருத்தராலும் கண்டுபிடிக்க முடியாது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தோம். நானும்தான் அந்தக் கால்களைத் தினமும் பார்த்தவன். எங்கள் ஒருவருக்கும் ஒரு விஷயம் உறைக்கவே இல்லை.

திரையிடல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், வெள்ளிக்கிழமை மத்தியானம். பொதுமக்கள் அனைவரும் வருக, அனுமதி இலவசம் என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மதினி அரை நாள் லீவு கேட்டார். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "படம் பாக்க" என்று உள்ளதைச் சொன்னார். நானும் கடையைச் சாத்திவிட்டுக் கூடப் போனேன்.

மண்டப வாசலுக்குப் போய்த்தான் ஃப்ளெக்ஸைப் பார்த்தோம். விழாவுக்கு உதவி, அந்த ஜவுளிக்கடை. சிறப்பு விருந்தினர், முதலாளி.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். "மதினி, திரும்பிருவோமா?"

"பஸ்ஸுக்குக் குடுத்ததுக்கு எம்புட்டு நேரம் உக்காந்தோம்? இங்க உக்காரது ஓசி பாய். வாங்க."

உள்ளே போய் முதல் வரிசையில், வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் உட்கார்ந்தார். மாணவர் ஒருவர் ஓடிவந்தார். "அம்மா, இது வி.ஐ.பி. சேர்."

"துணி போத்துனா வி.ஐ.பி.யா? அந்தத் துணியே நாங்கதான் தம்பி விக்கோம்."

முதலாளி வந்தார். பொன்னாடை, பால்கோவா டப்பா, வரவேற்புரை, வாழ்த்துரை. மதினியைப் பார்த்துச் சிரித்துக் கையைக் காட்டினார். "நம்ம ஸ்டாஃப்" என்று பக்கத்திலிருந்த துறைத்தலைவரிடம் சொன்னது மைக்கில் கேட்டது. பேச்சுகள் முடிந்து படம் ஆரம்பிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு காதல் படம், ஒரு பேய்ப் படம், கண்மாயில் குப்பை போடுவதைப் பற்றி ஒன்று. ஒவ்வொன்றிலும் கடைசியில் யாராவது செத்தார்கள். "புள்ளைகளுக்கு வீட்டுல சோறு போடுதாங்களா இல்லையா?" என்று மதினி என் காதில் கேட்டார்.

மம்சாபுரத்துப் பெண் மேடையோரம் நின்றுகொண்டிருந்தாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. துறைத்தலைவர் முதலாளியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார். அவள் தலையை ஆட்டாமல் நின்றாள். அவர் மைக்குக்கு வந்தார்.

"நேரமின்மை காரணமாக, மீதமுள்ள படம் பின்னர் கல்லூரி வளாகத்தில் திரையிடப்படும். இப்போது நன்றியுரை."

மீதமுள்ள படம் அவளுடையது மட்டும்தான். கல்லூரிக்குள்ளே போட்டால் அது பொதுமக்கள் முன்னால் ஆகாது. நன்றியுரை முடிந்தது. கூட்டம் எழுந்தது. மண்டபத்துக்காரர்கள் பின்வரிசையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே முன்னால் வந்தார்கள். நானும் எழுந்துவிட்டேன். மதினி எழுந்திருக்கவில்லை.

"அம்மா, விழா முடிஞ்சிருச்சு" என்றார் துறைத்தலைவர், மைக்கை வைத்துவிட்டு.

"நோட்டீஸ்ல போட்ட படம் ஒண்ணு பாக்கி இருக்குல்ல சார்? அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"நேரமாச்சும்மா. மண்டபத்தைக் காலி பண்ணணும்."

"மேடையில ஒங்களப் பத்தி நீங்களே பேசுன நேரத்துல ரெண்டு தடவ போட்டிருக்கலாமே. போடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

நாற்காலி அடுக்குகிறவர்கள் முதல் வரிசைக்கு வந்து நின்றுவிட்டார்கள். வாசல் வரைக்கும் போன சிலபேர் என்ன தகராறு என்று திரும்பி வந்தார்கள். அந்தப் பெண்ணின் படத்தைப் பார்க்க மம்சாபுரத்திலிருந்து வந்திருந்த பெண்கள் மதினிக்குப் பின்னால் அடுக்கிய நாற்காலிகளை மறுபடியும் பிரித்துப் போட்டு உட்கார ஆரம்பித்தார்கள். துறைத்தலைவர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தார்.

அப்போது முதலாளியே வழிவிட்டார், அதுதான் வேடிக்கை. மேடையிலிருந்து பெருந்தன்மையாகச் சிரித்துக்கொண்டு, "போடுங்க சார். நம்ம கடைப் பொம்பள ஆசைப்பட்டுக் கேக்குதுல்லா? எனக்கு நேரமிருக்கு" என்றார். கீழே இறங்கி வந்து திரையைப் பார்க்க நின்றார். இனித் துறைத்தலைவர் என்ன செய்ய முடியும்? விளக்கை அணைத்தார்கள்.

முதல் காட்சியில் ஒரு ஜோடிக் கால். குதிகால் வெடித்து, கணுக்காலில் நரம்பு சுருண்டு கிடந்தது. அதற்கு மேலே, திரையின் அகலத்துக்கு, மெரூன் சேலையும் அன்னப்பட்சி பார்டரும்.

முகத்தை மறைக்க அத்தனை பாடுபட்ட எங்களுக்கு, சேலையை மறைக்கத் தோன்றவில்லை. காட்சிக்குக் காட்சி அன்னப்பட்சி. பஸ் ஸ்டாப்பில் அன்னப்பட்சி, சுவரில் தூக்கி வைத்த காலில் அன்னப்பட்சி. முதலாளியை ஓரக்கண்ணால் பார்த்தேன். சிரிப்பு இருந்த இடத்திலேயே உறைந்துபோய் இருந்தது.

விளக்கு போட்டார்கள். ஒருத்தரும் கைதட்டவில்லை. முதலாளி மைக்கை வாங்கினார்.

"நல்லா எடுத்திருக்கு. பார்டர் நம்ம பார்டர்தான்" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஒரே ஒரு கேள்வி. யாரு கால்மா அது?"

அவள் மதினி பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். சொன்னால் ஒருத்தர் வேலை போகும், சொல்லாவிட்டால் எல்லோரையும் கேட்பார்.

மதினி உட்கார்ந்தபடியே முன்னால் கிடந்த காலி நாற்காலியை இழுத்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் அதன் மேல் தூக்கி வைத்து, சேலையைக் கணுக்காலுக்கு மேலே கொஞ்சம் ஏற்றினார்.

"என் காலுதான் முதலாளி. கிட்ட வந்து நல்லாப் பாத்துக்கோங்க. திரையில பெருசாத் தெரியுது, நெசத்துலயும் அம்புட்டு வீக்கம்தான். நாளைக்குக் காலையில கடைக்கு வந்துரும்."

"சரி சரி. அங்க வந்து பேசிக்கிடலாம், என்ன?"

"அங்கன நீங்க உக்காந்திருப்பீய, நான் நிப்பேன். எனக்குப் பேச்சு வராது. இங்கயே பேசுவோம். சேரு கெடக்குல்லா, நீங்களும் உக்காருங்க."

முதலாளி சுற்றிலும் பார்த்தார். பிரித்துப் போட்ட நாற்காலிகளில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. மதினி அந்தப் பெண்ணைப் பார்த்து, "ஏட்டி, மைக்க வாங்கு. நீ எடுத்த படம், நீ பேசு" என்றார். அவள் முதலாளி கையிலிருந்தே மைக்கை வாங்கிப் பேசினாள். முதல் இரண்டு வாக்கியம் குரல் நடுங்கியது, அவ்வளவுதான்.

அவளுக்கு மதிப்பெண் கிடைத்தது. மதினி மறுநாள் காலையில் வேலைக்குப் போனார். அவரை ஏன் வேலையை விட்டு நிறுத்தவில்லை என்று கேட்டால், அவ்வளவு பேர் பார்த்த பிறகு நிறுத்தினால் கடைக்குத்தான் அசிங்கம் என்று முதலாளிக்குத் தெரிந்திருக்கும். அல்லது அந்தக் கால்களை அவர் நிஜமாகவே பார்த்திருக்கலாம். எனக்குத் தெரியாது. கொஞ்ச நாளில் மாடிக்கு ஒன்று என்று புது ஸ்டூல் வந்து இறங்கியது. முதலாளியே இரண்டாவது மாடிக்கு ஏறி வந்து, பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் அதைத் தட்டிக் காட்டினாராம்.

"இப்போ சந்தோசந்தானம்மா?"

மதினி அதில் போய் உட்கார்ந்து, நன்றாக அசைத்துப் பார்த்து, அதன் கால் ஆடுகிறதா என்று சோதித்துவிட்டுச் சொன்னாராம்: "நல்ல ஸ்டூலு முதலாளி. இந்த மாடியில நாங்க ஆறு பேரு இருக்கோம்."